மேலே இருந்த தோட்டா

ஜாம்பேசிப் பள்ளத்தாக்கு முகாம்
4 மே 1997

தாரிசாய் அம்மாவுக்கு,

நலம். நீயும் குழந்தையும் நலமாக இருக்க வேண்டும். உன் அப்பாவின் முழங்கால் எப்படி இருக்கிறது என்று எழுது.

முகாமைத் திறந்துவிட்டோம். மழை இந்த வருடம் பாதையை மூன்று இடத்தில் தின்றிருக்கிறது. நான்கு நாள் மண் வெட்டினோம். சமையல் கூரையில் பாம்பு. இங்கே அதை யாரும் செய்தியாக எடுத்துக்கொள்வதில்லை. பக்கத்தை நிரப்ப எழுதுகிறேன்.

சோர்வாக இருக்கிறது. வேலை தொடங்குவதற்கு முன்பே.

புதிதாகத் தடம் பார்ப்பவன் ஒருவன் வந்திருக்கிறான். லவ்மோர் என்று பெயர். இருபத்தைந்து வயது இருக்கும். நடக்கும்போது பாடுகிறான். தோல் உரிக்கிற மசாங்கோ அவனிடம், "தம்பி, நீ பாடுற பாட்டுக்கு எருமை ஓடாது. திரும்பி வந்து உன்னத்தான் முட்டும்" என்றார். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். களியைத் தின்று முடித்தோம்.

ஓர் உதவி. இரும்பு அலமாரியின் மேல்தட்டில் என் பெரிய துப்பாக்கிக்கான தோட்டா இரண்டு பெட்டி இருக்கிறது. கெட்டித் தோட்டா இருக்கும் பெட்டியை லாரிக்கார ஃபிலிமோனிடம் கொடுத்தனுப்பு. முகாம் கிடங்கில் கெட்டி இல்லை. ஹராரேயிலும் இல்லையாம். கப்பலில் வரவேண்டுமாம், எப்போது என்று கடைக்காரருக்கே தெரியவில்லை. என்னிடம் எட்டு இருக்கிறது. எட்டை வைத்துக்கொண்டு எருமைப் பருவம் ஒன்றைக் கடக்க முடியாது.

முதல் வேட்டை விருந்தாளி பத்தொன்பதாம் தேதி வருகிறார்.

தாரிசாய் அப்பா

•

கரோய்
18 மே 1997

தாரிசாய் அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. அப்பாவின் முழங்கால் அப்படியேதான். "எழுதிக் கேக்குறதுக்குப் பதிலா நேர்ல வந்து அமுக்கி விடலாம்ல மாப்பிள்ளை" என்கிறார். ஒன்பது மாதம் கழித்து அவருக்குக் கேலி திரும்பி வந்திருக்கிறது. நான் சிரிக்கவில்லை. ஆனால் கேட்க நன்றாக இருந்தது.

ஆஸ்பத்திரியில் மலேரியா வார்டு நிரம்பி வழிகிறது. இரண்டு நர்ஸ் வேலையை விட்டுவிட்டார்கள். அவர்கள் நேரத்துக்கும் நான்தான் நிற்கிறேன்.

பெட்டியை இந்த முறை அனுப்பவில்லை. இரண்டும் ஒரே மாதிரி இருக்கின்றன. ஒன்றில் நீலநிற ஒட்டுநாடா. எதிலும் உங்கள் கையெழுத்து இல்லை. எது கெட்டி? தவறானதைக் கொடுத்தனுப்பி அதனால் ஏதாவது ஆகிவிட்டால்? எப்படிப் பார்த்துத் தெரிந்துகொள்வது என்று எழுதுங்கள்.

தம்பியின் ஆவியை வீட்டுக்கு அழைக்கும் நாளை அப்பா முடிவு செய்துவிட்டார். ஆகஸ்ட் 23. ஒரு வருடம் வெளியே அலைந்தது போதும், ஈனோக் வீட்டுக்கு வரட்டும் என்கிறார். சடங்குப் பீருக்குக் கேழ்வரகு முளைகட்டத் தெருப் பெண்கள் வருவார்கள். காளையும் பார்த்தாகிவிட்டது, செவலை. அதை வெட்ட வேண்டியது மூத்த மருமகன். "குழிய அவன்தான் வெட்டினான். காளையயும் அவன்தான் வெட்டணும்" என்கிறார் அப்பா. அதனால் விடுப்பை இப்போதே கேட்டு வையுங்கள்.

அன்றைக்கு அவன் துணிகளைப் பங்கிடுவார்கள். மூட்டையை நேற்றுப் பிரித்தேன். முகாமிலிருந்து வந்தபடியே கட்டிக் கிடந்தது. இரண்டு சட்டை, பெல்ட், கோட்டு, தொப்பி. தொப்பி உங்களுக்கு என்று ஆணியில் மாட்டி வைத்திருக்கிறேன். கோட்டுப் பையில் அவனுடைய மூக்குப்பொடி டப்பா. பொடி இல்லை. உள்ளே துணியில் சுற்றி ஓர் உலோகத் துண்டு இருந்தது. ஒரு பக்கம் உருளை. மறுபக்கம் காளான் போல விரிந்து, ஓரங்கள் பின்னால் சுருண்டிருக்கின்றன. தாரிசாய் அதைப் பூ என்கிறாள். பூ மாதிரிதான் இருக்கிறது.

இது என்ன? இதை எதற்கு வைத்திருந்தான்?

தாரிசாய் அம்மா

•

முகாம்
1 ஜூன் 1997

தாரிசாய் அம்மாவுக்கு,

முனையைப் பார். கெட்டி என்றால் முனை உருண்டையாக, முழுக்க உலோக உறை மூடி இருக்கும். மெதுமுனை என்றால் நுனியில் கொஞ்சம் ஈயம் வெளியே தெரியும். வெளிச்சம் போதவில்லை என்றால் நகத்தால் கீறு. ஈயத்தில் கோடு விழும். கெட்டியில் நகம்தான் தேயும். எனக்கு வேண்டியது கெட்டி.

விருந்தாளி வந்து போனார். ஆஸ்திரியாவில் பாலம் கட்டுகிறவர். மதியச் சாப்பாட்டு மேசையில் ஆறு வகைத் தோட்டாவைப் பரப்பி வைத்தார். இது விரிந்தாலும் எடை குறையாதாம். இது இரண்டு மடங்கு விரியுமாம். இது பாதியில் நின்று மறுபடி யோசிக்கும் என்று சொன்னாலும் நான் தலையாட்டியிருப்பேன். மசாங்கோ என்னிடம், "இதையெல்லாம் எருமை படிச்சிருக்கான்னு அந்த ஐயாகிட்ட கேளுப்பா" என்றார். நான் மொழிபெயர்க்கவில்லை. அவர் எதற்குச் சிரித்தார் என்று விருந்தாளி கேட்டார். சோறு நன்றாக இருக்கிறதாம் என்றேன்.

உண்மையில் இரண்டே வகைதான். மெது உள்ளே போய் விரியும், உள்ளேயே நிற்கும். பக்கவாட்டில் நிற்கிற விலங்கின் நுரையீரலுக்கு அதுதான் சரி. கெட்டி விரியாது. எலும்பு, கொம்பு எது வந்தாலும் நேராகப் போகும். நம்மை நோக்கி வருகிற எருமைக்குக் கெட்டி மட்டும்தான். கொம்புகள் சேருகிற இடம் பாறை மாதிரி. மெது அதில் பட்டால் தன்னையே விரித்துக்கொண்டு நின்றுவிடும்.

கெட்டிக்கு வேறு கெட்ட குணம் உண்டு. ஒன்றைத் துளைத்துப் பின்னால் நிற்பதையும் தொடும். போன ஜூலையில் எனக்கு அது நடந்தது. உன்னிடம் சொல்லவில்லை. கூட்டத்தில் ஒரு கடாவைச் சுட்டேன். பின்னால் ஒரு பெண் எருமை நின்றது எனக்குத் தெரியாது. மூன்று நாள் கழித்துக் கழுகுகள் காட்டிக்கொடுத்தன. கன்று பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தது. அதிலிருந்து கூட்டத்துக்குப் போகும்போது முதல் தோட்டா மெது, அடியில் எல்லாம் கெட்டி என்று வைத்துக்கொள்கிறேன். துப்பாக்கியின் தோட்டா அறைக்குள் கடைசியாக அழுத்துவது முதலில் வெளியே வரும். அதனால் மெது மேலே.

இதையெல்லாம் எதற்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை. நீ கேட்டது அடையாளம் மட்டும்.

அந்த உலோகத் துண்டு ஒன்றுமில்லை. அறுக்கிற ஒவ்வொரு விலங்கிலிருந்தும் மசாங்கோ குண்டைத் தோண்டி எடுத்துக் கழுவி, சுட்டவரிடம் கொடுப்பார். விருந்தாளிகள் கண்ணாடி ஜாடியில் போட்டு ஊருக்கு எடுத்துப் போவார்கள். ஈனோக்கும் எதையோ எடுத்து வைத்திருக்கிறான். வீசிவிடு.

ஆகஸ்ட் 23க்கு விடுப்புக் கேட்கிறேன்.

தாரிசாய் அப்பா

•

கரோய்
15 ஜூன் 1997

தாரிசாய் அப்பாவுக்கு,

நீங்கள் நன்றாகச் சொல்லிக் கொடுக்கிறீர்கள். ஜன்னலோரம் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கீறிப் பார்த்தேன். நீல நாடாப் பெட்டிதான் கெட்டி. இருபது. மற்றது மெது.

தாரிசாய் ஊதுகிற விசில் உங்கள் துப்பாக்கியின் காலித் தோட்டாதானே. அவள் தூங்கும்போது எடுத்தேன். அதன் வாயில் அந்தப் பூவின் உருளைப் பக்கத்தை வைத்தேன். அழுத்தவே வேண்டியிருக்கவில்லை. உட்கார்ந்துகொண்டது.

போன ஆகஸ்ட் வேட்டைக்கு வந்த பெல்ஜியக்காரருடைய துப்பாக்கி உங்களுடையதைவிட மெல்லியது. ஈனோக் கடைசியாக வீட்டுக்கு வந்தபோது சொன்னான்: "அக்கா, இப்பல்லாம் வர்றவங்க பென்சில் எடுத்துட்டு வந்து எருமை சுடுறாங்க. நம்ம வீட்டு வேலக்காரன் வச்சிருக்கறதுதான் துப்பாக்கி." உங்களைத்தான் வேலைக்காரன் என்றான். மருமகன் என்றால் பெண் வீட்டு வேலைக்காரன், அவனுக்கு அந்தக் கேலி அலுக்கவே இல்லை. நீங்களும் அவன் தட்டை வாங்கிக் கழுவி வைத்தீர்கள், அவன் சிரிக்க வேண்டும் என்பதற்காக.

அதனால் இது உங்கள் குண்டு. மெது. ஈனோக்கின் டப்பாவில் இருந்தது.

அடக்கத்தன்று அப்பா உங்களிடம் கேட்டது எனக்கு நினைவிருக்கிறது. நீங்கள் குழிக்குள் இடுப்பளவு நின்றுகொண்டிருந்தீர்கள். பெல்ஜியக்காரர் காயப்படுத்திய எருமை புதருக்குள் போனது, நீங்களும் தடம் பார்த்த ஈனோக்கும் அதன் பின்னால் போனீர்கள், அது திரும்பி வந்தது. அதுவரை எல்லோருக்கும் தெரியும். "எத்தனை சுட்ட மாப்பிள்ளை?" என்று கேட்டார். "மூணு மாமா. மூணும் கெட்டி. முதல்ல போனது கிளையில பட்டு விலகிடுச்சு" என்றீர்கள். வனத்துறைக்கும் அப்படித்தான் எழுதிக் கொடுத்தீர்கள். அப்பா அந்தக் காகிதத்தின் நகலை பைபிளுக்குள் வைத்திருக்கிறார்.

ஜூலையிலிருந்து முதல் தோட்டா மெது என்று எழுதியிருக்கிறீர்கள். ஈனோக் இறந்த ஆகஸ்ட், அந்த ஜூலைக்கு அப்புறம்தானே வரும்.

இந்தப் பூ எந்த விலங்கிலிருந்து வந்தது?

பெட்டியை அனுப்பவில்லை. ஃபிலிமோன் வந்தபோது நான் ஆஸ்பத்திரியில் இருந்தேன் என்று எழுத நினைத்தேன். வீட்டில்தான் இருந்தேன். கதவு தட்டியது கேட்டது.

தாரிசாய் அம்மா

•

முகாம்
29 ஜூன் 1997

தாரிசாய் அம்மாவுக்கு,

நீ அங்கே இல்லை. அந்தப் புதரை நீ பார்த்ததில்லை. உட்கார்ந்து காலித் தோட்டாவில் பொருத்திப் பார்த்து அதையெல்லாம் தெரிந்துகொள்ள முடியாது.

கெட்டி மூன்று மிச்சம். திங்கள் அன்று ஒரு விருந்தாளி கடாவின் வயிற்றில் சுட்டார். இரண்டு கிலோமீட்டர் பின்னால் போனோம். லவ்மோர் முன்னால். அவன் அன்று பாடவில்லை. எருமை தானாகவே விழுந்து கிடந்தது. எங்கள் அதிர்ஷ்டம். ஐந்து தோட்டா அதன்மேல் போட்டேன். ஒன்று போதும். மற்ற நான்கும் எதற்கென்று எனக்கே தெரியவில்லை. மசாங்கோ ஒன்றும் சொல்லாமல் கத்தியைத் தீட்டினார்.

பெட்டியை அனுப்பு.

தாரிசாய் அப்பா

•

கரோய்
13 ஜூலை 1997

தாரிசாய் அப்பாவுக்கு,

ஐந்து கெட்டி இத்துடன் வருகிறது, காலுறைக்குள் கட்டியிருக்கிறேன். மூன்று மிச்சம் என்று படித்த பிறகு என்னால் வைத்துக்கொண்டிருக்க முடியவில்லை. மீதி அப்புறம்.

மசாங்கோ கண்ணில் புரை என்று வியாழக்கிழமை ஆஸ்பத்திரிக்கு வந்தார். உங்களிடம் சொல்லிவிட்டுத்தான் வந்திருப்பார். மருந்து ஊற்றிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். கண்ணை மூடியபடியே பேசினார்.

"டப்பாவ பாத்துட்டியாம்மா?"

"பாத்தேன். நீங்கதான் வச்சீங்களா?"

"பின்ன யாரு. கொம்பு அடியிலேர்ந்து எடுத்தேன். உள்ள போகவே இல்ல, மேலயே மலந்து நின்னுடுச்சு. சுட்டவன்கிட்டதான் குடுக்கணும், அதான் எங்க வழக்கம். அவன் கையில குடுக்கப் போனேன். அவன் கை ரத்தமா இருந்துச்சு, உன் தம்பி ரத்தம். எப்படிக் குடுக்கறது? வீசவும் மனசு வரல. பையன் கோட்டுலயே போட்டுட்டேன். அவனே வச்சுக்கட்டும்னு."

"கிளையில பட்டுதுன்னு சொன்னாரே."

"அங்க கிளையெல்லாம் விரல் தடிமன் இருக்கும்."

கன்னத்தில் வழிந்த மருந்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு:

"புதருக்குள்ள போறதுக்கு முன்னாடி உன் தம்பி அவன்கிட்ட ஒண்ணு கேட்டான். நான் வண்டிகிட்ட நின்னேன், காதுல விழுந்துச்சு. அவன் சொன்ன பதிலும் விழுந்துச்சு."

"என்ன கேட்டான்?"

"அத உன் வீட்டுக்காரன கேளு. நான் தோல் உரிக்கிறவன். சாட்சி சொல்றவன் இல்ல."

கட்டுப் போட்டு அனுப்பினேன். வாசலில் திரும்பி, "சாப்பிடும்மா, ரொம்ப எளச்சுட்டே" என்றார்.

வனத்துறைக்காக நான் கேட்கவில்லை. அப்பாவுக்காகவும் இன்னும் கேட்கவில்லை. எனக்காகக் கேட்கிறேன். ஒரு வருடம் உங்கள் பக்கத்தில் படுத்திருக்கிறேன், நீங்கள் வந்த நாட்களில். நீங்கள் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வீர்கள். துக்கம் என்று நினைத்தேன். முதுகில் கை வைத்துக்கொண்டிருந்தேன்.

அவன் என்ன கேட்டான்?

தாரிசாய் அம்மா

•

முகாம்
27 ஜூலை 1997

எஸ்நாத்,

மூன்று தாளைக் கிழித்துவிட்டேன். அழகாக இருந்தன. இது நாலாவது.

பெல்ஜியக்காரர் காலை பத்து மணிக்குச் சுட்டார். கூட்டமாக நின்றன. கடா குனிந்து ஓடியது. அரை மணி நேரம் காத்திருந்தோம், எப்போதும் காத்திருப்பதுபோல. ஈனோக் பொடி போட்டுக்கொண்டான். எனக்கும் நீட்டினான். பெல்ஜியக்காரருக்கும் நீட்டினான், அவர் வாங்கித் தும்மினார். சிரித்தோம்.

கூட்டம் என்பதால் என் துப்பாக்கியில் மேலே மெது இருந்தது. காயம்பட்டதைத் தேடிப் புதருக்குள் போகும்போது அதை எடுத்துவிட்டுக் கெட்டியை வைக்க வேண்டும். திறந்து, மேலே இருப்பதை எடுத்து, வேறொன்றை அழுத்தி, மூட வேண்டும். ஏழு வினாடி வேலை.

இரத்தம் புதருக்குள் போயிற்று. விளிம்பில் ஈனோக் நின்றான். எப்போதும் அங்கே நின்று கேட்பான்.

"மாப்ள, மேல இருக்கறத மாத்திட்டியா?"

"மாத்திட்டேன் மச்சான்."

"நல்லது. எங்க வீட்டு வேலக்காரன் பொய் சொல்ல மாட்டான்."

பெல்ஜியக்காரரையும் மசாங்கோவையும் வண்டிக்கருகே நிற்கச் சொல்லிவிட்டு உள்ளே போனோம். அவன் முன்னால்.

மாற்றவில்லை. ஏன் அப்படிச் சொன்னேன் என்று இந்த ஒரு வருடமாகத் தேடுகிறேன். அன்று பதினேழாவது நாள், இடையில் ஓய்வில்லை. கழுத்தில் ட்ஸெட்ஸெ ஈ. வியர்வையில் கை வழுக்கியது. சொல்லிவிட்டு இரண்டு அடி வைத்ததும் மாற்றிக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தேன். திறந்தால் சத்தம் வரும். அவன் திரும்பிப் பார்ப்பான். மாற்றவில்லை என்று தெரிந்துவிடும். அதனால் விட்டேன். சோர்வு, எஸ்நாத். இன்னும் பெரிய காரணம் ஒன்று இருக்கும் என்று தேடிப் பார்த்தேன். இல்லை.

மாற்றவில்லை என்று சொல்லியிருந்தால் அவன் வெளியே நின்றிருப்பான். நான் மாற்றும்வரை அசைந்திருக்க மாட்டான். அவன் கேட்டது அதற்காகத்தான்.

பன்னிரண்டு அடி தூரத்திலிருந்து வந்தது. என் முதல் குண்டு கொம்புகள் சேருகிற இடத்தில் பட்டது. தலை ஒரு தடவை ஆடியது. வேகம் குறையவில்லை. இரண்டாவது சுடும்போது அவன் ஏற்கெனவே அதன் கொம்பில் இருந்தான். மூன்றாவது எருமையின் காதில் குழலை வைத்து.

முதல் குண்டு கெட்டியாக இருந்திருந்தால் எருமை நின்றிருக்கும் என்று சத்தியம் செய்ய முடியாது. ஆனால் எனக்குத் தெரியும்.

பெல்ஜியக்காரர் அழுதார். தன் குண்டு சரியில்லாததால்தான் எல்லாம் என்று நினைக்கிறார். கிறிஸ்துமஸுக்கு ஓர் அட்டை அனுப்பினார். பிரெஞ்சில், ஈனோக்கின் பெயரைத் தப்பாக எழுதி, மன்னிப்புக் கேட்டு. இனி வேட்டைக்குப் போவதில்லை என்று எழுதியிருந்தார். நான் பதில் போடவில்லை. அட்டை என் பெட்டியில் இருக்கிறது.

குழி வெட்டும்போது உன் அப்பா என் தோளில் கை வைத்தார். தண்ணீர் கொடுத்தார். "நீ என்னப்பா பண்ணுவ" என்றார். அப்போது சொல்லியிருக்கலாம். மண்ணைத்தான் தள்ளினேன்.

விடுப்புக் கிடைத்துவிட்டது. 21ஆம் தேதி பேருந்தில் வரலாம். வரட்டுமா என்று நீ சொல்.

ஜைரோஸ்

•

கரோய்
10 ஆகஸ்ட் 1997

ஜைரோஸுக்கு,

கடிதத்தை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். ஈனோக் கேட்ட கேள்வி வரும் இடத்தை இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். படித்தேன். முற்றத்தில் முளைகட்டிய கேழ்வரகு காய்ந்துகொண்டிருந்தது. கோழியை விரட்டினார்.

"குழி வெட்டினப்ப அவனுக்குத் தெரியும்ல?"

"தெரியும்ப்பா."

"நான் தண்ணி குடுத்தேன்."

அவ்வளவுதான். மறுநாள் காலையில் சொன்னார்: "காளைய கத்பர்ட் வெட்டட்டும்." என் தங்கை வீட்டுக்காரர் இதுவரை ஒரு கோழியைக்கூட வெட்டியதில்லை. கத்தியை இரண்டு நாளாகத் தீட்டுகிறார், முகமெல்லாம் வேர்த்து.

அதனால் நீங்கள் வரவேண்டாம். ஈனோக் வீட்டுக்கு வரும் அன்று நீங்கள் வாசலில் நிற்க முடியாது. அதற்கு அடுத்த மாதம், அடுத்த வருடம் பற்றி என்னைக் கேட்காதீர்கள். தாரிசாயிடம் அப்பாவுக்கு வேலை என்று சொன்னேன். அவளுக்கு எட்டு வயதாகும்போது வேறு ஏதாவது சொல்ல வேண்டியிருக்கும்.

உங்களை நான் வெறுக்கவில்லை. அதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டும்.

மாற்றாமல் போனது எனக்குப் புரிகிறது. பதினாறு மணி நேரம் நின்ற பிறகு மருந்துப் புட்டியின் பெயரைப் படிக்காமல் நானும் ஊசியில் ஏற்றியிருக்கிறேன். கூட நிற்கிறவள், "பாத்துட்டியா?" என்று கேட்பாள். அந்த ஒரு சொல்லுக்காகவே எங்களை இரண்டு பேராக நிற்க வைக்கிறார்கள். பார்த்தேன் என்று பார்க்காமல் சொன்னதில்லை. நாக்கு நுனிவரை வந்ததுண்டு.

பெல்ஜியக்காரருக்கு எழுதுங்கள். முதலில் அவருக்கு. வனத்துறைக்கு எழுதுவது உங்கள் விருப்பம். அப்பா அந்த நகலை பைபிளிலிருந்து எடுத்துவிட்டார். கிழிக்கவில்லை. எங்கே வைத்தார் என்று நான் பார்க்கவில்லை.

அந்தப் பூவை மசாங்கோ உங்களுக்குத்தான் தந்திருக்க வேண்டும். வழக்கம் அதுதானே. இத்துடன் வரும் தோட்டாப் பெட்டிக்குள் அடியில் இருக்கிறது, அவர் சுற்றிய அதே துணியில்.

தொப்பி யாருக்கென்று அப்பா சொல்லவில்லை. ஆணியிலேயே இருக்கிறது.

ஈனோக் கேட்ட அந்தக் கேள்வியை லவ்மோர் கேட்பானா என்று தெரியவில்லை. புதியவன், கூச்சப்படலாம். கேட்டாலும் கேட்காவிட்டாலும் வாயால் பதில் சொல்லாதீர்கள். துப்பாக்கியைத் திறந்து அவனிடம் காட்டுங்கள். அவன் பார்த்த பிறகு மூடுங்கள்.

மீதிப் பதினைந்தும் அனுப்புகிறேன். எல்லாம் கெட்டி. ஒவ்வொன்றையும் நகத்தால் மறுபடி கீறிப் பார்த்தேன்.

எஸ்நாத்